ஒரு செட் மாத்திரை

நான் அக்கா மகளைக் கட்டிக்கொண்டவன். அதனால்தானோ என்னவோ, எங்கள் மகளுக்கு ரத்தம் உறையத் தேவையான ஏழாம் ஃபேக்டர் பிறவியிலேயே குறைவு. இப்போது பித்தப்பையில் கல். அறுவைக்கென்று சேலம் ஆஸ்பத்திரியில் எட்டுக் குப்பி ஃபேக்டர் மருந்து வரவழைத்து வைத்திருந்தார்கள். எந்த மணிக்கு எந்த ஊசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மூன்று பிரதி எடுத்துவைத்தேன்.

முந்தின நாள் மதியம், ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி அவள் பையைத் துழாவியபோது சிறிய காகித உறை அகப்பட்டது. உள்ளே கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள் நான்கு. மூன்றில் மாத்திரை இல்லை.

வலி என்றால் பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவே மருந்துக்கடையில் "ஒரு செட் குடுங்க" என்றுதான் கேட்கும். நாலைந்து வகை அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கொடுப்பதால் மாத்திரையின் பெயர் தெரியாது.

"எப்ப வாங்குன அம்மிணி?"

"நேத்துதானுங்கப்பா. பட்டறையில துணி மடிக்கிறப்ப, தறிச் சத்தத்துல தலை பொளந்துது."

"வேற மாத்திரை சாப்பிடறயான்னு டாக்டர் கேட்டாரே?"

"இது மாத்திரைங்களா? செட்டுத்தானே! சொல்லிப்போடாதீங்க. தள்ளிப்போட்டா மறுக்கா லீவு தரமாட்டாங்க."

பதினொரு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்ச் சொல்லிவிட்டேன்.

கடைக்காரரை டாக்டரே போனில் பிடித்தார். "செட்டு கேட்டாங்க, குடுத்தேனுங்க" என்று முதலில் முறுக்கிக்கொண்டார் அவர். பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ஒன்று, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை வேலை செய்யவிடாத வலி மாத்திரை. ஃபேக்டர் ஊசி போட்டாலும் அறுத்த இடம் கசியலாம் என்றார் டாக்டர். அறுவை பத்து நாள் தள்ளிப்போனது.

ஆறாம் நாள் மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். டாக்டர் அனுமதித்த மாத்திரை ஒன்றுக்கும் வலி அடங்கவில்லை. "சந்தோசமா இப்ப?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அறுவை அன்றே நல்லபடியாக முடிந்திருக்குமோ என்று அந்த ஆறு நாளில் எனக்கும் பலமுறை தோன்றியிருந்தது.

பத்தாம் நாள் அறுத்தார்கள்.

"அதிகம் கசியலைங்க" என்றார் டாக்டர்.

"அதிகம்னா எவ்வளவுங்க?"

தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கட்டு மாற்ற நர்ஸ் வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்று, எடுத்த பஞ்சின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.