பாலிஷ் அக்காவும் என் வியர்வையும்

எங்கள் ஊரில் கிட்டார் செய்கிற பட்டறை ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறைகள். முன்னறையில் அண்ணன் மரத்தை அறுத்து, இழைத்து, வளைத்து, ஒட்டிக் கிட்டாராக்குவார். பின்னறையில் தங்கை அதற்குப் பூச்சு கொடுப்பார். தங்கையைத்தான் எல்லோரும் பாலிஷ் அக்கா என்பார்கள். அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அண்ணன் மட்டும் இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடுவார். புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுக் குழந்தை எங்கே என்று மேசைக்கடியில் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் அறையில் எப்போதும் மரத்தூள் மிதக்கும். அக்கா அறையில் ஒரு துகள் பறக்கக் கூடாது. ஈரப் பூச்சில் தூசி உட்கார்ந்தால் அந்த நாள் வேலை வீண். அதனால் நடுக்கதவில் ஈரத்துணி தொங்கும். தரையில் காலையிலேயே தண்ணீர் தெளித்திருக்கும். அண்ணன் உள்ளே வரவேண்டுமானால் முகம் கழுவி, தலையை உதறி, சட்டை மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

"என் பட்டறைக்குள்ள நான் போக இவ்வளவு சடங்கு" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

"தும்மல் வர்ற மாதிரி இருந்தா அதையும் வெளியிலயே முடிச்சிட்டு வாங்கண்ணா" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அக்கா முதலில் கிட்டாருக்குப் பூச்சு கொடுத்தவர் இல்லை. பன்னிரண்டு வருடம் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் பூச்சு அறையில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு மேசைகளுக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஒரு கெட்டிப் பூச்சு அடிப்பார்கள். அதில் சூடான பாத்திரம் வைக்கலாம், குழந்தை ஏறிக் குதிக்கலாம், ஒன்றும் ஆகாது. அந்தப் பூச்சில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தொழிற்சாலையை மூடியதும் அண்ணன்தான், "வா பாப்பா, எனக்குப் பூச்சு வேலைன்னாலே கை நடுங்குது. நீ பாத்துக்கோ" என்று கூட்டி வந்தார்.

வந்ததும் முதல் கிட்டாருக்கு அக்கா தனக்குத் தெரிந்த முழு வித்தையையும் காட்டினார். ஏழு கை, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு தடவை, கெட்டிப் பூச்சு. ஒவ்வொரு கைக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. முடித்ததும் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்ததாம். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அண்ணன் கம்பிகளைக் கட்டி மீட்டிப் பார்த்தார். தலையணைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி சத்தம் வந்தது.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பூச்சே போடாத இன்னொரு கிட்டாரை எடுத்தார். அதற்கும் கம்பி கட்டினார். அதே பாட்டை அதிலும் வாசித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

"திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன் வாத்தியாரே. சாப்பிடப் போயிட்டாரே, அதுதான் தாங்கல" என்று அக்கா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

எட்டு நாள் உட்கார்ந்து அந்த ஏழு கைப் பூச்சையும் சுரண்டி எடுத்தார். பிறகு ஒரே பலகையிலிருந்து பன்னிரண்டு சின்னத் துண்டுகளை அறுத்து வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கு எண்ணெய், ஒன்றுக்கு மெழுகு, ஒன்றுக்கு லாக்கர் என்கிற வார்னிஷ் என்று விதவிதமாகப் பூசி, நூலில் கட்டித் தொங்கவிட்டு விரலால் தட்டிப் பார்த்தார். தன் காது தனக்குச் சாதகமாகக் கேட்டுவிடும் என்று பயந்து, அண்ணியைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தார். அண்ணி கிட்டாருக்கு உறை தைப்பவர். பாட்டென்றால் காத தூரம் ஓடுபவர். அப்படிப்பட்டவர், மூன்று தடவை மாற்றி மாற்றித் தட்டிக் காட்டியும் ஒரே துண்டைத்தான் சொன்னார்.

"இது பேசுது. மத்ததெல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்குது."

அது அரக்கு. அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாக நூறு தடவை தேய்த்தால் படிகிற பூச்சு. வெங்காயத் தோலை விட மெல்லிசு. அன்றிலிருந்து அக்கா அரக்குக் கட்சி. கெட்டிப் பூச்சு டப்பாவை அலமாரியின் அடித்தட்டில், அண்ணியின் பழைய துணிமூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

இந்தக் கதையில் நான் வருவது இதற்கப்புறம்தான். நான் பள்ளிக்கூடத்தில் கிட்டார் சொல்லித் தருகிறவன். வெகுநாள் ஆசைப்பட்டு அவர்களிடம் ஒரு கிட்டார் செய்து வாங்கினேன். தேன் நிறத்தில் இருக்கும். முதல் நாள் வகுப்பில் மீட்டியபோது பிள்ளைகள் ஒரு நிமிடம் சும்மா இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

நான்காவது மாதம், வலது முன்கை படுகிற இடத்தில் பூச்சு மங்கியது. பிறகு பிசுபிசுத்தது. ஒரு நாள் கையை எடுத்தால் சட்டையின் பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

அக்கா அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் சுண்டிப் போனது.

"வெயில்ல வச்சீங்களா?"

"இல்லக்கா."

"ஏதாவது திரவம் போட்டுத் துடைச்சீங்களா?"

"சத்தியமா இல்லக்கா."

நம்பாமல்தான் வாங்கிக்கொண்டார். பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார். மூன்றே மாதத்தில் மறுபடி அதே இடம், அதே பிசுபிசுப்பு. இரண்டாம் தடவை நான் மாடியேறியபோது அக்கா அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வேலையில் குறை என்று யாரும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. அவர் கையில் கோளாறா, என் கையில் கோளாறா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் குற்றவாளி மாதிரி எதிரெதிரே நின்றோம்.

மறுபடி பூசிக் கொடுத்ததும் பிசுபிசுத்து, மூன்றாம் தடவை நான் போனபோது அக்கா கிட்டாரைப் பார்க்கவில்லை. என்னை முக்காலியில் உட்காரவைத்து, என் முன்கையை இழுத்துத் தடவிப் பார்த்தார். அரக்குப் பூசிய ஒரு பலகைத் துண்டை அதில் வைத்துத் துணியால் கட்டினார். அதே மாதிரி இன்னொன்றைத் தன் கையிலும் கட்டிக்கொண்டார்.

"டீ சொல்றேன். ஒரு மணி நேரம் இப்படியே இருங்க. ஏதாவது பேசிட்டு இருப்போம்."

பேசினோம். கட்டை அவிழ்த்ததும் பலகையில் என் கை பட்ட இடம் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கியிருந்தது. அக்கா தன் கையில் கட்டியிருந்த பலகை அப்படியே பளபளத்தது. அக்கா துள்ளி எழுந்தார்.

"அண்ணா! சட்டை மாத்திட்டு ஓடி வாங்க! வாத்தியார் வியர்வைதாண்ணா! என் வேலையில ஒண்ணுமில்ல!"

அண்ணன் ஈரத் தலையோடு வந்து என் கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "எங்க பூச்சையே தின்னுதே, இது என்ன கை?" என்றார் மரியாதையோடு.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புதுக் கம்பி இரண்டே வாரத்தில் கறுத்துவிடும். வாட்ச் வாங்கிய வருடமே பல்லிளித்துவிடும். வீட்டில் மனைவி, "எல்லாக் கதவுக் கைப்பிடியும் நல்லா இருக்கு, உங்க அறைக் கைப்பிடி மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இனிமேல் முழுக்கைச் சட்டை போட்டு வாசிக்கிறேன் என்றேன்.

துள்ளிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று அடங்கினார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"எதுக்கு? இந்த வெக்கையில கிட்டாருக்காக நீங்க சட்டை மாத்துவீங்களா? உங்க கைக்கு ஏத்த மாதிரி அதுதான் மாறணும். இருங்க."

அடுத்த வாரம் ஆறு துண்டுகள் கொடுத்தனுப்பினார். ஆறும் ஆறு பூச்சு, பின்பக்கம் எண். நாளுக்கு ஒன்றாக வலது கையில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். கை முறிந்துவிட்டதா என்று தலைமை ஆசிரியை பதறினார். பிள்ளைகள் ஒரே நாளில் எனக்குப் 'பலகை சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தூங்கும்போதாவது அந்தக் கட்டையைக் கழட்டி வைங்க, இடிக்குது" என்றாள் மனைவி.

ஏழாம் நாள் அக்கா ஆறு துண்டுகளையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தார். அரக்கு வழக்கம்போல் கரைந்திருந்தது. மெழுகு இருந்த இடமே தெரியவில்லை. எண்ணெய் கறுத்துவிட்டது. லாக்கரில் நகம் பதிந்தது. தண்ணீரில் கரைக்கிற ரகம் வெளுத்துப் போயிருந்தது. ஆறாவது துண்டு மட்டும் அன்று பூசியது போல மின்னியது. அக்கா அதைத் திருப்பி எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்: தொழிற்சாலைக் காலத்துப் பழைய மேசையிலிருந்து அறுத்த துண்டு, அதே கெட்டிப் பூச்சு.

"முடியாது" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"சொல்லப் போறீங்க. முடியாது. அந்த டப்பாவைத் திறக்க மாட்டேன். ஒரு கிட்டாரைக் கொன்னது போதும்."

இரண்டு வாரம் என் கிட்டார் சுவரில் தொங்கியது. அக்கா மற்ற வேலைகளைப் பார்த்தார். அதன் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் பாப்பா, அன்னிக்கு ஏழு கை போட்ட. கிட்டார் முழுக்கப் போட்ட. இவருக்குக் கை படுற இடம் உள்ளங்கை அளவுதானே?"

"அன்னிக்கு நீங்க சாப்பிடப் போயிட்டீங்க."

அண்ணன் புரியாமல் விழித்தார். "என்னிக்கு?"

அக்கா சொன்னார். அத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கொட்டினார். அண்ணன் கேட்டுவிட்டு நெடுநேரம் தாடையைத் தேய்த்தார்.

"அடிப்பாவி. திட்டினா நீ அழுவியேன்னுதான் போனேன். அன்னிக்குச் சோறே இறங்கல எனக்கு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு குனிந்து, துணிமூட்டையைத் தள்ளிவிட்டு, டப்பாவை எடுத்தார். அதற்குள் இருந்தது எப்போதோ கல்லாக இறுகிவிட்டிருந்தது. புது டப்பா வாங்க அண்ணனே போனார்.

கை படுகிற இடத்தில் மட்டும் கெட்டிப் பூச்சு, அதுவும் ஒரே கை, தண்ணியாக. மற்ற இடமெல்லாம் அரக்கு. சொல்வதற்குச் சுலபம். இரண்டும் சந்திக்கிற இடம்தான் உயிரை வாங்கியது. எப்படித் தேய்த்தாலும் ஒரு கோடு தெரிந்தது. வீண் பலகைகளில் ஒன்பது தடவை செய்து பார்த்தார்; ஒன்பதிலும் கோடு. அண்ணன் முகம் கழுவி, சட்டை மாற்றி, உள்ளே வந்து அந்த ஒன்பதையும் பார்த்தார்.

"கோடு போக மாட்டேங்குதுன்னா, நாமளே ஒரு கோடு போட்டுடலாமே பாப்பா."

என் கிட்டாரின் முகத்தில், கை சாயும் ஓரத்தில், பிறை வடிவில் மெல்லிய பள்ளம் இழுத்து, அதில் நூல் மாதிரி ஒரு கருப்பு மரக்கீற்றைப் பதித்தார். கீற்றுக்கு ஒரு பக்கம் கெட்டிப் பூச்சு, மறுபக்கம் அரக்கு. சந்திப்பு அந்தக் கருப்புக்குள் மறைந்துவிட்டது. கம்பி கட்டியதும் யார் முதலில் வாசிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணன் வாசித்தார். அண்ணி ஊசியோடு வாசலில் நின்றார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம்.

"பேசுது" என்று சொல்லிவிட்டு அண்ணி தைக்கப் போனார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. பிறைக்குள் இன்று வரை ஒரு மங்கல் இல்லை. அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்து, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பலர் கேட்டு வருகிறார்கள். அக்கா முதலில் அவர்கள் கையில் ஒரு பலகையைக் கட்டி, டீ வரவழைத்து, ஒரு மணி நேரம் உட்காரவைக்கிறார். பலகை பளபளப்பாகவே இருந்தால், "உங்களுக்கு எதுக்குங்க? உங்க கை நல்ல கை" என்று சொல்லிவிடுகிறார். சிலருக்கு அதில் வருத்தம்.

போன வருடம் அக்கா என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். பூச்சு போட்டவற்றை நூற்றுக்கணக்கில் கையில் பிடித்திருக்கிறார், ஒன்றைக்கூட வாசித்ததில்லை. சனிக்கிழமை காலைகளில், வேலை ஆரம்பிக்கும் முன், பின்னறையில் வகுப்பு. ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் பட்டுப் பட்டு விரல் நுனி மரத்துப்போனதால் கம்பி குத்துவது அவருக்குத் தெரிவதில்லை. அது ஒரு வசதி. ஆனால் தாளம் நிற்காது. தப்பு வந்தால் அடுத்த அறையிலிருந்து அண்ணன் சுவரில் ஒரு தட்டு தட்டுவார். இரண்டு தப்புக்கு இரண்டு தட்டு.

போன சனிக்கிழமை ஒரு பாட்டில் மூன்று வரி தாண்டியும் தட்டு விழவில்லை. அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன வாத்தியாரே, சத்தத்தையே காணோம்? அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா, போய்ப் பாருங்க."

ஈரத்துணியை விலக்கிப் பார்த்தேன். அண்ணன் உளியை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டா?" என்றார்.