இல்லாத கையிருப்பு

எனக்கு லினக்ஸ் மேல் இன்றைக்கும் கோபமில்லை. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. என் கோபமெல்லாம் அதை என் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவள் மேல்தான். ஆபீஸில் எனக்கு எதிர் நாற்காலி அவளுக்கு. இரண்டு பேருமே திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பம். நான் வலியசாலை, அவள் கரமனை. நாள் முழுக்க மலையாளத்தில் ஃபைல் எழுதுவோம், மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் தமிழில் வம்பு பேசுவோம். அவளைவிட நெருங்கிய சிநேகிதி எனக்கு அப்போது வேறு யாரும் இல்லை.

என் கணவர் மஸ்கட்டில் வேலையாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நல்ல மனுஷர்தான், ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே கணக்குக் கேட்பார். அனுப்பிய பணம் என்ன ஆயிற்று, உன் சம்பளம் எங்கே போயிற்று, பாலுக்கு ஏன் இத்தனை. முதல் இரண்டு லீவும் இந்தச் சண்டையிலேயே தீர்ந்தன. அப்புறம்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த வீட்டுக் கணக்கு புரோகிராமில் வரவு செலவு எல்லாவற்றையும் ஏற்ற ஆரம்பித்தேன். அடுத்த தடவை அவர் வாயைத் திறந்ததும் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று காப்பி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு கேள்வியும் பாக்கியில்லை. அந்தக் கணக்கு இருக்கிறவரை யாரும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்க முடியாது என்று தைரியமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில், லினக்ஸ் மாதிரி யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் அலை அடித்தது. எங்கே பார்த்தாலும் வகுப்பு, கூட்டம். அவள் அதில் தலைகால் புரியாமல் விழுந்தாள். கடைக்காரன் போட்டுக்கொடுத்த விண்டோஸ் நகல் திருட்டுச் சொத்து என்பாள். காசு கொடுத்து வாங்கினால் அதுவும் அடிமைத்தனம் என்பாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட இதே பாட்டு. என் மெஷினில் இருந்ததும் கடைக்காரன் போட்ட நகல்தான், ஆகவே எனக்குக் குறுகுறுவென்று இருக்கும். தன் வீட்டில் எப்போதோ லினக்ஸுக்கு மாற்றியாகிவிட்டது என்றாள். என் பழைய கணக்கு என்ன ஆகும் என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டேன். எல்லாம் அப்படியே வரும், அதற்கு நான் பொறுப்பு என்றாள். வேறென்ன வேண்டும் எனக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழுவிலிருந்து ஒருவர் வந்து, என் ஃபைல்களை சி.டி.யில் ஏற்றிவிட்டு, விண்டோஸைச் சுத்தமாக அழித்து லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனார். மெஷின் ஜோராக வேலை செய்தது. கணக்கு மட்டும் வரவில்லை. அந்த ஃபைலை அந்தப் பழைய புரோகிராம்தான் திறக்கும், அதுவோ விண்டோஸில்தான் ஓடும். யாரிடமாவது அது இருந்தால் ஒரு தடவை திறந்து பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன், விசாரித்துச் சொல் என்று அவளிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் இப்போ ஆரு வெச்சிண்டிருக்கா? நானே மாத்தியாச்சு அல்லே" என்றாள்.

என் கணவர் லீவில் வர மூன்று மாதம்தான் இருந்தது. போன தடவை அவர் வந்துபோனதற்கு அப்புறம் உள்ளதையாவது ரசீதுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றியாக வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு புரோகிராம் தேட வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான் பார்த்தேன். ஒன்றுக்கு லட்சமே தெரியவில்லை, கமாவைத் தன் இஷ்டத்துக்குப் போட்டது. இன்னொன்று நாலு பக்கம் ஏற்றினால் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. மூன்றாவது ஒழுங்கானது, ஆனால் போலீஸ் மாதிரி. ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டையும் சொன்னால்தான் விடும். அதையே எடுத்துக்கொண்டேன்.

அது சிட்டியில் வந்து முட்டியது. தமிழ்நாட்டில் சீட்டு என்பார்கள். இங்கே மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது இல்லாமல் இருக்காது. நானும் அவளும் ஒரே சிட்டியில்தான் சேர்ந்திருந்தோம். ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகையை மற்றவர்களுக்குப் பிரிப்பார்கள். வீதப்பலிசை என்று அதற்குப் பெயர். கையில் தரமாட்டார்கள், தவணையில் கழித்துவிடுவார்கள். இரண்டாயிரம் கட்ட வேண்டிய இடத்தில் ஆயிரத்து அறுநூறு கட்டினால் போதும். பழைய புரோகிராமில் ஆயிரத்து அறுநூறு செலவு என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். புதியதோ, இது சொத்தா கடனா என்று கேட்டது. ஏலம் எடுக்கிறவரை சொத்து, எடுத்துவிட்டால் கடன். இதற்கு எங்கே போய்க் கட்டம் தேடுவது? அவளைக் கேட்டேன். கட்டியதைச் சொத்தில் போடு, வீதப்பலிசை வருமானம்தானே, அதைத் தனியாக வரவில் வை என்று மோரைக் குடித்துக்கொண்டே சொன்னாள். மாதாமாதம் செய்து பழகியவள் மாதிரி சொன்னாள். நானும் அப்படியே செய்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள்தான் ஏற்றி முடித்தேன். கையிலிருப்பதோடு ஒத்துப் பார்க்க நேரமில்லை.

அவர் வந்தார். நாற்காலியைத் தள்ளினேன். காப்பியோடு வந்தபோது இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையிருப்புன்னு ஒம்பதாயிரத்துச் சொச்சம் காட்டறதே, அது எங்கே?"

எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? பர்ஸில் முன்னூறு ரூபாய் இருந்தது. பீரோவைத் திறந்தேன், மூடினேன். போன லீவுக்கு முந்தின கணக்காவது காட்டு என்றார். யாராலும் திறக்க முடியாத சி.டி.யை எடுத்துக் காட்டினேன். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சரி, போகட்டும் என்று எழுந்துகொண்டார். லீவு முடிந்து போகும்போது பாங்க் பாஸ்புக்கையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று கையசைத்தேன். உள்ளே வந்து அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே தப்பு என்று கேட்கலாம் என்று கரமனைக்குப் போனேன். உட்காரு, வந்துட்டேன் என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் என் பழைய புரோகிராம். அதே பச்சைக் கட்டங்கள். அதில் எங்கள் சிட்டி இருந்தது, செலவில், ஆயிரத்து அறுநூறு என்று ஒரே வரியில். வீதப்பலிசை என்று வரவில் ஒன்றுமே இல்லை. கையில் வராத பணத்தை வந்ததாக மாதாமாதம் நான் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

காப்பி டம்ளரோடு வந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டேன். திணறுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம்கூடத் திணறவில்லை.

"வீட்டுக் கணக்காச்சே, பயமாக்கும். நீ மாத்தி ஒரு வருஷம் கழியட்டும், குழப்பமொண்ணும் இல்லேன்னா நானும் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

ஆழம் பார்க்க என்னை இறக்கிவிட்டு அவள் கரையில் நின்றிருக்கிறாள். நான் கெஞ்சிக் கேட்ட அன்றைக்கு, என் ஆறு வருஷக் கணக்கைத் திறக்கும் சாவி அவள் கூடத்திலேயே இருந்திருக்கிறது. மாற்றவில்லை என்று வெளியே தெரிந்துவிடும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதாவது சி.டி.யைக் கொண்டுவா, பிரிண்ட் எடுத்துக்கொள் என்று பெரிய உபகாரம் போலச் சொன்னாள். நான் கொண்டுபோகவில்லை. யாரிடம் காட்ட? அவருக்குக் கடிதத்தில் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். புரிந்தது என்று பதில் வந்தது. பாஸ்புக் வரவில்லை.

சர்க்கார் ஆபீஸில் நாற்காலியை நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் எதிரும் புதிருமாகவே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள், இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறதா, தானும் மாற்றிவிடலாமா என்று சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ.

"ஒரு குழப்பமும் இல்லை. பழைய கணக்கெல்லாம் அப்படியே வரும். நீயும் மாத்திக்கோ" என்றேன்.

 அவள் டப்பாவை மூடிக்கொண்டே, எதற்கும் மாற்றின வேறு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்ன எதையும் இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.