ஆளில்லாத ஒரு படம்

எண்பத்தாறாம் வருடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த புதிது. அப்போது நாங்கள் கலிபோர்னியாவில் லிவர்மோரில் குடியிருந்தோம். என் கணவர் கட்டட இன்ஜினீயர். நான் மலைக்கு அந்தப் பக்கம், காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு கம்பெனியில் புரோகிராமர்.

அந்த ஒரு மணி நேரம் தனியாகக் கார் ஓட்ட எனக்கு அலுப்பு. நல்லவேளையாக, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு அம்மாள் அதே கம்பெனியின் லைப்ரரியில் வேலை பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் அவர் கார் என்று அதற்குள் மூன்று வருடமாகச் சேர்ந்தே போய் வந்துகொண்டிருந்தோம்.

என் மாமியார், நாத்தனார், கிரீன் கார்டு இழுபறி, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் ஏழு வயது மகள், எல்லாம் அந்த அம்மாளுக்கு அத்துப்படி. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ மூன்றே விஷயம். ஐரோப்பாவில் பிறந்தவர், கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். நான் வாய் ஓயாதவள், அவர் காது கொடுத்துக் கேட்பவர். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பிள் கேக் பிரமாதமாகச் செய்வார். முதல் தடவை சாப்பிட்டபோது, நம் வழக்கப்படி "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று என்னையறியாமல் தமிழில் சொல்லி, அப்புறம் அர்த்தத்தை இங்கிலீஷில் விளக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு என் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்து, காப்பு மாட்டுவதுபோல் பாவனை செய்து சிரிப்பார்.

அந்தக் கோடையில் என் கணவருக்கு ஜெர்மனியில் ஒரு கான்ஃபரன்ஸ். நானும் மகளும் ஒட்டிக்கொண்டோம். அது முடிந்ததும் அங்கே பழக்கமான ஒரு ஜெர்மன்காரர் எங்களை நூரெம்பெர்க் நகரத்துக்கு அழைத்துப்போனார். ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில், ஹிட்லர் கட்சி மாநாட்டுக்காகக் கட்ட ஆரம்பித்து பாதியில் நின்றுபோன ஒரு ராட்சசக் கட்டடம் இருந்தது. பக்கத்திலேயே அணிவகுப்புக்காகப் போட்ட ஒரு கருங்கல் சாலை, நம் ஃப்ரீவேயைவிட அகலம். இப்போது கண்காட்சி நடந்தால் கார் நிறுத்துகிறார்கள் என்றார் அந்த ஜெர்மன்காரர்.

சாலை முழுக்கப் பெரிய பெரிய சதுரக் கற்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது. "பாண்டி ஆடலாம் வாடி" என்று மகளைக் கூப்பிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தேன். என் கணவர் கேமராவை ஜெர்மன்காரரிடம் நீட்டினார், தானும் படத்தில் விழவேண்டும் என்று. அவர் வாங்கத் தயங்கினார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

அது யார் போட்ட சாலை என்று தெரியாமல் செய்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய். தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே? பரீட்சைக்கு எழுதி மார்க்கு வாங்கியதோடு அந்தச் சங்கதி என் மனசில் முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு பழக்கம். யார் டூர் போய்விட்டு வந்தாலும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, புரொஜெக்டரில் ஸ்லைடு போட்டுச் சுவரில் காட்ட வேண்டும். இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு. எந்தக் கட்டடத்தைப் படம் எடுத்தாலும் முன்னால் நம்மவர் ஒருத்தராவது நிற்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு நாம் போனது தெரிய வேண்டாமா? ஆளில்லாத படம் எடுத்தால் என் கணவருக்கு ஃபிலிம் வீண். "இதுக்கு ஒரு போஸ்ட்கார்டு வாங்கிட்டுப் போயிடலாமே" என்பார்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர் பிளசன்டனிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. என் கார்த் தோழியையும் நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். வெஜிடபிள் பிரியாணித் தட்டோடு சுவருக்குப் பக்கத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் பாண்டி ஆடும் ஸ்லைடு வந்ததும் ஒரே சிரிப்பு. "அடேங்கப்பா, ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பியிருக்கலாம் சார்" என்றார் ஒருவர். அடுத்த ஸ்லைடு வரவில்லை. அட்டை வளைந்து மெஷினில் மாட்டிக்கொண்டுவிட்டது. என் கணவர் அதை நோண்டிக்கொண்டே, நேரத்தைப் போக்க அந்தச் சாலையின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்பது வருஷமாச்சு சார், இன்னும் டாங்க் ஓடினாக்கூடத் தாங்கும். கல்லை எப்படி வெட்டியிருக்கான் பாருங்க! இதை செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

என் தோழிக்குத் தமிழ் புரியாதே, பாவம் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் ஆர்வமாகக் குனிந்தேன். நமக்குள் சொல்லிக்கொள்வோமே அந்தத் தங்கக் காப்பு, அதைத்தான் இந்தக் கல்லை வெட்டின கைகளுக்குப் போட வேண்டும் என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். கூடவே சிரித்தேன். அது எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

சுவரில் நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், பாதி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு தலைவலி என்று சொல்லிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் கார் முறை. வழக்கம்போல் சரியான நேரத்துக்கு வந்து ஹாரன் அடித்தார். நான் ஏதேதோ பேசினேன். மலை ஏறும் வரை பதிலே இல்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்து, நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர்கள் யூதக் குடும்பம். போருக்குச் சற்று முன், ஹிட்லர் ஆட்களுக்குப் பயந்து, பன்னிரண்டு வயதில் அவரை மட்டும் யூதக் குழந்தைகளை ஏற்றிப்போன ஒரு ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குப் பதினெட்டு ஆகியிருந்ததால் அவனுக்கு அந்த வண்டியில் இடம் இல்லை. அப்பாவுக்கு பேக்கரி. மாவு பிசைவது, கேக் செய்வது எல்லாம் அண்ணன். எனக்குச் செய்து கொடுத்தாரே, அந்த ஆப்பிள் கேக் அண்ணன் கற்றுக்கொடுத்தது. பிறகு ஹிட்லர் ஆட்கள் அவனைக் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோய்க் கல்குவாரியில் போட்டுவிட்டார்கள். அங்கே வெட்டிய கருங்கல் நூரெம்பெர்க் மாநாட்டு மைதானத்துக்குப் போவதாகப் பேச்சு. இதெல்லாம் போர் முடிந்த பிறகு, அவனோடு இருந்து உயிர் தப்பிய ஒருவர் வந்து சொன்னது. கடைசி நாட்களில் அண்ணனால் விரலை மடக்கக்கூட முடியவில்லையாம். எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதுகூட இவருக்குத் தெரியாது.

நீ குதித்த கல் அவன் வெட்டியதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். உன் கணவர் சொன்னது சரிதான், ஆனால் அந்தக் கைகளுக்கு யாரும் எதுவும் போடவில்லை என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என் மாமியார் புராணத்தைப் பாடியிருக்கிறேன். உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்கவில்லையே!

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது ஒன்று கேட்டார். "அந்தக் கற்கள் மட்டும் இருக்கிற படம் ஒன்று உன்னிடம் இருக்குமா? ஆள் யாரும் இல்லாமல். அவன் கையால் செய்தது என்று பார்த்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை."

இருக்கும், சாயங்காலமே தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் என் கணவரும் ஸ்லைடு டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மகள் நிற்கிறாள். நான் நிற்கிறேன். கூலிங்கிளாஸோடு என் கணவர் நிற்கிறார். அவ்வளவு அகலச் சாலையில் ஆளில்லாத படம் ஒன்றுகூட இல்லை. "ஒண்ணாவது சும்மா எடுத்திருக்கலாம்டி" என்று சொல்லிவிட்டு என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் இருந்ததில் ஒன்றை ஃபோட்டோ கடையில் கொடுத்து, எங்களை வெட்டிவிட்டுப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். மங்கலாக நாலு கல் வந்தது. ஓரத்தில் என் புடவைத் தலைப்பு மட்டும் எப்படி வெட்டியும் போகவில்லை. அதைத்தான் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் சேர்ந்துதான் வேலைக்குப் போனோம். எலுமிச்சை சாதமும் கொண்டுபோவேன், சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்பார். என் மணிக்கட்டை மட்டும் அவர் மறுபடி பிடிக்கவேயில்லை. இரண்டு வருடம் கழித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு நியூஜெர்சிக்குப் போய்விட்டார். நான் அனுப்பிய நாலாவது வாழ்த்து அட்டைக்கு மகள்தான் பதில் எழுதினாள், அம்மா இறந்துவிட்டார் என்று.

இன்றைக்கும் எந்தப் பழைய கோட்டைக்கோ கோயிலுக்கோ போனாலும், வீட்டில் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு முதலில் ஆளே இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். என் மகள் கேலி செய்கிறாள், ஆனால் அந்தக் கல்லை வெட்டின கையைத் தேடி என்றைக்காவது யாராவது வந்து கேட்டால், இன்னொரு தடவை வெறும் கையோடு நிற்க என்னால் முடியாது.