பூசை போட்ட கிராபிக்ஸ் கார்டு

ஓடாத கம்ப்யூட்டரை ஓட வைப்பதுதான் சர்வீஸ் தொழில் என்று நம்பித்தான் நான் இதில் இறங்கினேன். ஓடுகிறதை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லி உயிரை எடுப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்து மாடிக்கடை ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவள் நான். வாடிக்கையாளரைக் கண்டு ஓடி ஒளிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

கோட்டின் கடைசி

கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த பழனிசாமி அண்ணன், தண்ணீரைத் தள்ளும் இறக்கைகள் உள்ளே தெரிகிற மாதிரி வரைந்த தன் புதுப் பம்பின் படத்தைக் கம்ப்யூட்டரில் சுழலவிட்டுக் காட்ட ஆசைப்பட்டார். மேட்டுப்பாளையத்துப் பெரிய டீலர் ஒருவர் விஜயதசமி காலையில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை, இல்லையென்றால் பாதி லேத்தை நிறுத்த வேண்டியதுதான் என்று சொல்லும்போது அண்ணன் குரல் இறங்கிப் போனது. படமோ தத்தித் தத்திச் சுற்றியது.

படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கம்பெனி வைத்ததற்கு மேல் ஏற்ற ஒரு புரோகிராம் உண்டு. திரையில் ஒரு கோடு, அதில் தள்ளுவதற்கு ஒரு குமிழ். துளி ஏற்ற வேண்டும், படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், கலர்ப் புள்ளிகள் தெறித்தால் உடனே இறக்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் குமிழ் கோட்டின் கடைசியில் நிற்கிறது, திரை முழுக்கப் புள்ளி! பதறிப் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தேன். அண்ணன் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கோடு அது வரைக்கும் போட்டு வெச்சிருக்கறானல்லங்க அம்மணி, தள்ளக்கூடாதுன்னா பின்னெ எதுக்குங்க அத்தனை நீளம்?"

தாராள மனசு

வேகம் ஏறினால் சூடும் ஏறும். சிப்புக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியத் துண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பசையைக் கடுகளவு தடவி, மேலே சின்ன ஃபேன் ஒன்றையும் மாட்ட வேண்டும். இதைப் பட்டறையில் சொல்லிவிட்டு வந்து, இரண்டையும் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். பட்டறையின் தலைமை மிஸ்திரி ராசு அதற்குள் முந்திக்கொண்டுவிட்டார். கார்டு முழுக்க பேரிங் கிரீஸ்! மதர்போர்டில் செருகும் பல்லில்கூட வழிந்துகொண்டிருந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு ஸ்பிரிட்டும் பிரஷ்ஷுமாக அரைநாள் துடைத்தேன். நல்லவேளை, கார்டு பிழைத்தது. பசை தடவி, ஃபேன் மாட்டி, வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, புள்ளி தெறித்த இடத்துக்குக் கீழே நிறுத்தினேன். பம்பு வழுவழுவென்று சுற்றியது. ராசுவுக்கு மட்டும் திருப்தியில்லை.

"மிசினுக்குக் கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுங்க, அதானுங்க நான் தாராளமா வெச்சுப்போட்டேன்."

தொடக்கூடாதுங்க

நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்கும் கடைசிச் சோதனை பாக்கி. ஆயுத பூசையன்று போனேன். லேத்துகளோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மானிட்டருக்குப் பொட்டு வைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கேபினெட்டைத் திறந்து உள்ளேயும் வைத்திருந்தார்கள். கார்டின் ஃபேன் மேல் சந்தனத்தை அள்ளி அப்பியதில், அது காய்ந்து இறுகிக் கிடந்தது. "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சுரண்டி எடுக்கலாம் என்று கையை நீட்டினால் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். பூசை போட்ட மெஷினை அன்றைக்குத் தொட மாட்டார்களாம். நாளைக்கு டீலர் வருகிறாரே என்று கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவர் கும்பிட்டபடி சொன்னார்.

"லேத்துக்கே லீவு உட்டாச்சுங்க அம்மணி, இதுக்கு மட்டும் உடலீன்னா சாமி ஏத்துக்குமுங்களா?"

மேட்டுப்பாளையத்துக்காரர்

விடிந்ததும் போய்ச் சுரண்டினேன். ஃபேன் அசையவில்லை. வேறு வாங்கக் காந்திபுரத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஃபேன் இல்லாமல் ஏற்றிய வேகத்தில் ஓட்டினால் கார்டு கருகிவிடும். வேறு வழியில்லாமல் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கே இறக்கினேன். கேபினெட்டைத் திறந்து வைத்து, எதிரே ஒரு டேபிள் ஃபேனையும் போட்டேன். பம்பு பழையபடி தத்தத் தொடங்கியது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

டீலர் வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பம்பு நின்று நின்று திரும்பியது. ராசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். இன்னொரு தரம் ஓட்டச் சொன்ன டீலர், அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மத்த பட்டறைல எல்லாம் ராட்டினமாட்டம் சுத்திக் காட்டுனாங்க, ஒரு எழவும் தெரியலீங்க, இதுலதானுங்க உள்ளெ இருக்கற ஒவ்வொரு இறக்கையும் கண்ணுக்குத் தெரியுது, ஆர்டர் எழுதிக்கோங்க."

வேகத்தை ஏற்றக் கூப்பிட்டு, அதை இறக்கினதற்குக் கைகுலுக்கி அனுப்புகிற இந்தத் தொழிலில், நாம் என்ன வேலை செய்கிறோம் என்று ரொம்ப யோசிப்பது உடம்புக்கு நல்லதில்லை.