கடைசியாகக் கழற்றிய வயர்

எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளை ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டே, அது தன்னுடையது என்று நினைக்காமலும் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். பொதுக் குழாய் ஒழுகும், பொது விளக்கு எரியாது. எங்கள் தெருக் காபிக்கடையின் கல்லாவில் உட்காரும் பெண்ணைப் பார்த்த பிறகு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை.

அவருக்கு டவர் அக்கா என்று பட்டப்பெயர். தெருவிலுள்ள வீடுகளும் கடைகளும் சேர்ந்து ஒரே இணைய இணைப்பை வாங்கி, அதன் ரூட்டரைக் காபிக்கடையில் வைத்தபோது, கடை முதலாளி அதைக் கைக்கெட்டிய ஆளான அவரிடம் ஒப்படைத்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதன்மேல் பெட்டி. பெட்டியிலிருந்து வயர்கள் ஜன்னல் வழியாக ஏறி, மாடிகளைத் தாண்டி வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகும். காபி குடிக்க வருபவர்களுக்கு வயர் தேவையில்லை, போனிலேயே கிடைக்கும். எந்த வயர் யார் வீட்டுக்கு என்று அக்கா துணிப்பட்டையில் எழுதிக் கட்டினார். பால் ஆவி படுகிறதென்று பலகையை நகர்த்தி ஆணியடித்தார். பெயின்டரான தன் கணவரின் பழைய பிரஷ்ஷால் தூசி தட்டினார். தெரியாததை இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து, எடுத்தவர் அலுத்துப்போகும் வரை கேட்பார்.

ஒரு வாரம் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்தது. போனில் சிக்னல் முழுதாகத் தெரியும், ஒன்றும் திறக்காது. ஒருவருக்கு வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது. அணைத்துப் போட்டால் சற்று நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி அதே கூத்து. மருந்துக்கடைக்காரருக்குப் பில் போட முடியவில்லை. அவர் கோபம் நியாயமானது.

"உங்களைக் குறை சொல்லலக்கா. காய்ச்சலோட ஆள் வந்து நிக்கிறாங்க, என் கம்ப்யூட்டர் தியானத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடி முடிவு பண்ணுவோம். இது வேணாம், அவங்கவங்க தனியா வாங்கிக்கட்டும்."

தனியாக வாங்க வசதியில்லாத வீடுகள் தெருவில் நாலைந்து உண்டு. எல்லோருக்கும் அது தெரியும். இருந்தும் கூட்டத்துக்குச் சம்மதித்தார்கள்.

அக்கா, நெட் வராதவர்களின் போன்களை வாங்கிப் பார்த்தார். ரூட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் தரும், வங்கியில் டோக்கன் தருவது போல. முரண்டு பிடித்த போன்களில் எல்லாம் அந்த எண் வேறு மாதிரித் தொடங்கியது. அப்படியென்றால் வேறு யாரோ டோக்கன் கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் வேலை நடக்காது. ஏதோ ஒரு வீட்டில் இன்னொரு ரூட்டரைத் தப்பான துளையில் செருகியிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஒவ்வொரு வயராகக் கழற்றினார். கழற்றியதும் தன் போனைப் பலமுறை இணைத்து எண்ணைப் பார்ப்பார். தப்பான எண் அப்போதும் வந்தால் திரும்பச் செருகிவிட்டு அடுத்தது. முதலில் மருந்துக்கடை. பிறகு புதிதாகக் குடிவந்தவர்கள். பிறகு எதைக் கண்டாலும் நோண்டும் சலூன்காரர். சந்தேகப்படும் வரிசையில் அவரவர் வீடு கடைசியில்தான் நிற்கும். கடைசி வயரைக் கழற்றியதும் எண்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. அது அக்காவின் வீட்டு வயர்.

வீட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பச்சை விளக்கோடு ஒரு பழைய ரூட்டர். வேலை பார்த்த இடத்தில் வேண்டாமென்று கொடுத்ததைக் கணவர் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

"நாள் பூரா அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டுற. வீட்லயாவது உனக்கு நல்லா கிடைக்கட்டும்னுதான்."

"ஏங்க, தெருவையே படுக்க வெச்சிட்டீங்களே" என்று அக்கா சிரித்தாராம். வயரை எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடச் சொல்லிக் கணவர் கெஞ்சினார். சொல்லியிருந்தால் யாரும் தோண்டித் துருவியிருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் பெட்டியே போய்விடலாம்.

சாயங்காலம் கடை நிரம்பியிருந்தது. கோளாறு எங்கே என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"எங்க வீட்லதான். எங்க வீட்டுக்காரர் இன்னொரு ரூட்டரை மாட்டியிருக்காரு. உங்க எல்லார் வயரையும் கழட்டிப் பாத்துட்டு, கடைசியாத்தான் என் வயர்ல கை வெச்சேன். அது என் தப்பு."

சலூன்காரர் உடனே கேட்டார், தன் வயர் எத்தனையாவது என்று.

"மூணாவது."

"அவ்வளவு நல்ல பேரா எனக்கு? அப்ப முதல்ல யாரு?"

அக்கா மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். கடையே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். கோபம் பாதி அப்போதே இறங்கிவிட்டது. "பெட்டி இங்கேயே இருக்கட்டும். அக்காவே பாக்கட்டும்" என்றவரும் அவர்தான். மறுப்பே இல்லை. தங்கள் தெருவைப் பற்றிப் பெருமைப்பட மனிதர்களுக்குக் காரணங்கள் அதிகம் கிடைப்பதில்லை. அன்று எங்களுக்கு ஒன்று கிடைத்தது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இப்போதும் அந்தப் பலகையைக் காட்டுகிறோம்.

மறுநாள் அக்கா தன் வீட்டு வயரை மாடியிலிருந்து சுருட்டி இறக்கினார். அந்தப் பழைய ரூட்டர் போய்விட்டது, வயரில் ஒரு குறையும் இல்லை, யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. ஏன் என்று கணவர் கேட்டார், முதலாளி கேட்டார், மருந்துக்கடைக்காரர் தானே வந்து திரும்ப மாட்டச் சொன்னார். அக்கா பேச்சை மாற்றினார். வேலை முடிந்ததும் கல்லாவை விட்டு எழுந்து, எல்லோரையும் போல ஒரு காபி வாங்கிக்கொண்டு, மூலை மேஜையில் உட்கார்ந்து, காபி குடிக்க வருபவர்களுக்குக் கிடைக்கும் அதே நெட்டில் தன் போனைப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் வீட்டுக்குப் போகிறார்.