குளிர் கடித்த விரல்கள்

உப்பளம் என்கிற பகுதியில் ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் குளிர் உண்டாக்கிக் கொடுப்பவன், அது உடம்புக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பெருங்குடலில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன்.

முதல் முறை மருந்து ஏறியதும், சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொடவோ குடிக்கவோ வேண்டாம், ஷாக் அடிப்பது போல இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். இந்த ஊர் வெயிலில் குளிரைத் தேடிக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். விரல் நுனிகளில் ஊசி இறங்கியது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். சத்தம் கேட்டு வந்த மனைவி அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"இதுல சில்லுன்னு ஒண்ணுமே இல்லியேங்க."

அவளுக்கு இல்லை. எனக்கு இருந்தது. அன்று முழுக்க வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் கடித்தது. குளியலறைக் குழாயும் பைக் சாவியும் கடித்தன. மரக்கதவு ஒன்றும் செய்யவில்லை, பிளாஸ்டிக் குவளையும் சும்மா இருந்தது. வலியை விட இந்த வித்தியாசம்தான் என்னைக் குடைந்தது. கடையிலிருந்து வெப்பம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, அதன் முனையை முதலில் டம்ளரிலும் பிறகு குவளையிலும் ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று மனைவி கேட்டாள்.

கெடவில்லை. உலோகம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, பிளாஸ்டிக் மெதுவாக இழுக்கிறது. அந்த வேகத்தைத்தான் விரல் குளிர் என்று சொல்கிறது. ஏசிக்குள் செம்புக் குழாய் வைப்பதும் சூட்டை வேகமாகக் கடத்தத்தான். இத்தனை வருடம் அதை வைத்துப் பிழைத்தவனுக்கு, தன் விரலைப் பற்றி இப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது முறை மருந்து ஏறிய பிறகு, மறந்துபோய்ப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். தொண்டை இறுகியது. மூச்சே நின்றுவிட்டது என்று நினைத்தேன். மனைவி வெந்நீரை வாயில் விட்டு, முதுகைத் தடவிக்கொண்டே டாக்டருக்கு போன் செய்தாள். பேச முடிகிறதா என்று அவர் கேட்டார். முடிந்தது. அப்படியானால் காற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது, மருந்து பட்ட நரம்பு தவறான செய்தி அனுப்புகிறது, மெதுவாக மூச்சு விடுங்கள் என்றார். காற்று போகிறது என்று தெரிந்தும் போகவில்லை என்றே உடம்பு அடித்துச் சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை இளகியது.

எதிர்வீட்டு அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர். பல வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு வந்த குடும்பம். சேதி கேள்விப்பட்டு, அந்த அக்கா ஒரு ஜோடி கம்பளிக் கையுறையோடு வந்தார். மரத்துப்போன விரலுக்குச் சூடு திரும்பும்போதுதான் வலி உயிரை எடுக்கும், அங்கே போன புதிதில் வெந்நீரில் கையைக் காட்டிக்கொண்டு சிங்க் ஓரமாக நின்று அழுதிருக்கிறேன் என்றார்.

"கை சில்லிட்டப்புறம் போட்டு புண்ணியமில்ல தம்பி. கை சூடா இருக்கறப்பவே மாட்டிக்கணும். கம்பளி சூடு குடுக்காது, இருக்கற சூட்ட வெளிய விடாது, அவ்ளோதான்."

அதன் பிறகு ஃபிரிட்ஜைத் திறப்பது மனைவியின் வேலையாயிற்று. குளிக்க, வாய் கொப்பளிக்க எல்லாம் வெந்நீர்தான். டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் குவளை. கொஞ்சம் தெம்பு வந்த நாட்களில், சித்திரை வெயிலில் கையுறையோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏசி ரிப்பேருக்கு வந்த ஒருவர் என் கையையே பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். தன் வேலையை மறந்து, ஐஸ் தொட்டால் எப்படி, மழையில் நனைந்தால் எப்படி என்று வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது.

ஒவ்வொரு முறை மருந்து ஏறிய பிறகும் அந்தக் கடி கூடுதல் நாட்கள் தங்கியது. சிகிச்சை முடிந்து, ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, மெல்லக் குறைந்தது. கைவிரல்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. கால்விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. காலுக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, சரியாக நாளாகும் என்கிறார் டாக்டர்.

போன மார்கழியில் ஒரு காலை, மனைவி மொசைக் தரையில் கால் வைத்ததும் சட்டென்று தூக்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

"ரொம்ப சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டேன்.

"பனிக்கட்டி மேல நிக்கற மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன்.