மிலிட்டரிக்குப் போன மச்சினன்

ஒரே ஒரு போஸ்ட் கார்டை நம்பி, என் மச்சினன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்று முடிவுகட்டியவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆயிற்று. இப்போதும் என் மனைவி சந்தைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அப்போது வடக்கே எல்லையில் சண்டை. பவானியில் நான் வேலை பார்த்த ஜமக்காளக் கடையில் முதலாளி ரேடியோப் பெட்டியை விட்டு நகரமாட்டார். கோயமுத்தூரில் பஞ்சாலை ஒன்றில் வேலைக்கிருந்த மச்சினன், மாதம் ஒரு கார்டு போடுவான். எப்போதும் ஒரே பாட்டு: நலம், நலமறிய ஆவல், அங்கே மழை உண்டா. அந்த மாதக் கார்டில் மட்டும் நடுவில் புதிதாகச் சில வரிகள் இருந்தன. "ரொம்ப யோசித்து முடிவு செய்தேன். போன வாரத்திலிருந்து மிலிட்டரிதான். அக்காளிடம் மறக்காமல் சொல்லவும்."

என் மனைவிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. கார்டு வந்தால் நான் உரக்கப் படிக்க, அவள் அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்பாள். தாயில்லாத தம்பியைத் தன் பன்னிரண்டாவது வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளிடம் போய் "மிலிட்டரி" என்ற சொல்லை எப்படி வாயால் சொல்வது? நலத்தைப் படித்தேன், ஆவலைப் படித்தேன், நடு வரிகள் வந்ததும் இருமினேன். இருமி முடித்து நேரே மழைக்குத் தாவிவிட்டேன்.

"ஏனுங்க, அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்களா?"

"அவன் என்ன சமையல்காரனா, அதையெல்லாம் எழுதறதுக்கு?"

அவள் முகம் கறுத்துப்போயிற்று. ரத்த பாசம், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விஷயமாகக் கோயமுத்தூர் வரை போய் வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். கடைக்கு விடுமுறை நாளில் என்ன கடை விஷயம் என்று அவள் கேட்கவே இல்லை. விடிகாலையில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் எதற்கோ ஓடினாள், வந்தாள், நாலடுக்குத் தூக்குப்போசியை நிறைத்து என் கையில் கொடுத்தாள். "உங்க கண்ணு முன்னாடி அவன் திங்கறதப் பாத்துட்டு வாங்க" என்றாள். அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது.

பஸ்ஸில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் என்னை நானே பிடரியில் தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. காக்கியைப் பார்த்தாலே கண் கலங்கியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு அக்கா உண்டுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கீழ்க்கண்ணால் பார்த்துவிட்டு முன்பக்கம் நகர்ந்தார். அவினாசி வரை என் பக்கமே திரும்பவில்லை. ராணுவத்தில் எடுத்த ஆளைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா, யாரிடம் மனுப் போடுவது, அவனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்றெல்லாம் யோசித்தேன். கடைசி யோசனையை மட்டும் பெருந்துறை தாண்டுவதற்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மச்சினனும் ஆலைக்காரப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து தங்கியிருந்த அறைக்கு உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஒருவன் மட்டும் பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தான். மச்சினன் எங்கே என்று கேட்டேன்.

"அவனுங்களா? மிலிட்டரிக்குப் போயிட்டானுங்களே" என்றான், வெகு சாதாரணமாக.

தூக்குப்போசியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பொ?"

"சித்தெ முன்னாடிதானுங்க. மூணு பேருமாப் போனாங்க. ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம், நேரத்துலயே போனாத்தான் எடம் கெடைக்குமுங்க."

நாட்டுப்பற்று இந்த அளவுக்கு முற்றிவிட்டதா என்று எனக்குத் தலை சுற்றியது. "சண்டையெல்லாம் பலமாங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க? நல்லி எலும்புக்குச் சண்டை வராத நாளே கெடையாதுங்க."

எலும்பு என்றதும் தூக்குப்போசியை இறுகக் கட்டிக்கொண்டேன். "திரும்பி வந்துருவானுங்களா?"

அவன் பனியனைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "தின்னு முடிச்சா வந்துருவானுங்க. வராம அங்கயே படுத்துக்குவானா?"

அவன் வழி சொன்ன தெருவில் ஓடினேன். முனையில் நீலப் பலகை; மிலிட்டரி ஓட்டல், சோறு ரெடி. கறிச்சோறு போடும் கடைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவன் நான். அப்படிப்பட்ட கடைகளைக் கண்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். மூக்கைப் பொத்தியவன் பலகையையாவது படித்திருக்கலாம்.

உள்ளே பட்டாளமே சாப்பிடுகிற மாதிரி இரைச்சல். வறுத்த மிளகும் சின்ன வெங்காயமும் கலந்த புகை கண்ணைக் கரித்தது. நடு மேசையில் என் மச்சினன், இலையில் ஈரல் வறுவலோடு. நன்றாக மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் எடுத்ததை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தான். "மச்சான்! அக்காளுக்கு ஏதாச்சும்...?" அவனை அந்த எச்சில் கையோடு கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் எங்கோ சாவு என்று நினைத்து மெல்லுவதை நிறுத்தினார்கள். பரிமாறுகிறவருக்கு மட்டும் அதெல்லாம் பொருட்டில்லை. உட்கார்ந்தவனுக்கு இலை போடுவது அவர் கடமை, போட்டார். "சோறுங்களா, பிரியாணிங்களா?" என்று கேட்டார். "வெறும் சோறும் ரசமும்" என்றேன். முந்தின நாளிலிருந்தே சோறு இறங்காதவனுக்கு அந்த ரசம் அமிர்தமாக இருந்தது. இரண்டாவது முறை கேட்டு, கையில் ஏந்திக் குடித்தேன். மூன்றாவது முறை ஊற்றும்போது பரிமாறுகிறவர் பெருமையாகச் சொன்னார்: "எலும்பு நல்லா எறங்கியிருக்குதுங்களா?"

குடித்ததைத் துப்பவா, விழுங்கவா என்று நான் கண்ணை உருட்டியதைப் பார்த்து மச்சினனின் கூட்டாளிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். விழுங்கிவிட்டேன். நல்ல ரசம்.

பேச்சை மாற்றுவதற்காகத் தூக்குப்போசியைத் திறந்தேன். மேலடுக்கில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு, நெய் மணக்க. அடுத்ததில் அரிசியும் பருப்பும் சாதம். வெளிச் சோறு இங்கே ஆகாது என்று அதட்ட வந்த கடைக்காரர் நெய் மணத்தில் குரலை இறக்கி, "ஒரு வாய் நமக்கும் வெக்கிறதுங்க" என்றார். பையன்கள் பிடுங்கித் தின்றார்கள். மூன்றாவதில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். நாலாவது அடுக்கை மச்சினன் திறந்தான். ஈரத்துணியில் சுற்றி, ஆறு வேகவைத்த கோழிமுட்டை.

பிடுங்கித் தின்ற பையன்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அறுபது மைல் தூரம் அதை என் மடியில் வைத்துக் குலுங்காமல் கொண்டுவந்திருக்கிறேன். "இது நம்ம ஊட்டுதுதானா?" என்று கேட்டேன்.

"கார்டைப் படிச்சுச் சொன்னீங்கல்லங்க மச்சான்? நான் கறி திங்க ஆரம்பிச்சாச்சுன்னு அக்காளுக்குத் தெரியுமே, பொறவு எதுக்கு முட்டை?"

இருமியதைச் சொன்னேன். பட்டாளத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "உங்களுக்குப் புரியாம அக்காளுக்கு மட்டும் புரியோணும்னு மூணு கார்டு கிழிச்சுப்போட்டு அதை எழுதுனேனுங்க" என்றான். ஒரு முட்டையை எடுத்து ஓடு உரித்தான். பிறகு தலை நிமிராமலேயே மீதியைச் சொன்னான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அக்காதானுங்க வேண்டாம்னா. மச்சானுக்குச் சொன்னா உன்னையப் பாக்கறதா, அவரப் பாக்கறதான்னு கேட்டா" என்றான். பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவனைப் பற்றி அவள் சொன்னது சரிதான். அவன் ஆறு முட்டையில் இரண்டைத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அப்படித்தானே அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

அன்று பொழுது சாய வீடு வந்து, விட்டுப்போன வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தின்னானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். தின்றான் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்; வெகு நேரம் உள்ளே வரவில்லை.

ஓட்டலில் அவன் தலை குனிந்து சொன்ன மீதி இவ்வளவுதான். அந்த வருடம் ஆவணி மாதம் அவன் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்த டாக்டர், இடது பக்கம் காச நோயின் நிழல் விழுந்திருப்பதாகச் சொல்லி, ஊசி மருந்தோடு தினமும் ஈரலும் முட்டையும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார். அவன் சைவத்தை விடமாட்டேன் என்று இரண்டு மாதம் அடம்பிடித்தான். அக்காள் காங்கேயத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவன் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதன் பிறகுதான் அவன் அந்த ஓட்டலுக்குள் போனான். அடுத்த ஆடியில் இன்னொரு படம் எடுத்தார்கள். நிழல் இல்லை.